மீன் தின்ற வழுதனங்காய்

எங்கள் காலனியில் இப்போது யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "பயறு பிடிச்சோ?" என்றுதான், அதாவது பயறு காய்த்ததா என்றுதான், கேட்கிறார்கள். கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு மொட்டைமாடியில் பிளாஸ்டிக் பைகளில் மண்ணை நிரப்பி, அதில் பயறும் வெண்டையும் பாகலும் நட்டிருக்கிறார்கள். காய்த்தால் முதலில் புகைப்படம் எடுத்து, குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்ட பிறகுதான் சமையல். சில வீடுகளில் சமைப்பதே இல்லை என்றும் கேள்வி. விருந்தாளிகளுக்குக் காட்டவேண்டும் என்று காய் முற்றி விறகாகும்வரை செடியிலேயே விட்டுவைப்பார்களாம்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் நாங்கள்தான், அதாவது தமிழர்கள். எல்லை தாண்டி லாரியில் வரும் தமிழ்நாட்டுக் காய்கறி முழுக்க விஷம் என்பது இந்த ஊரில் எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து, என் பிள்ளைகள் மலையாளத்தில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமாகும் அளவுக்குக் காலம் ஓடிவிட்டது. ஆனாலும் எதிர்வீட்டு டீச்சர் என்னைக் கண்டால்தான் அந்தப் பேச்சை எடுப்பார். "ஒண்ணும் தோணருது கேட்டோ சேச்சி. நிங்ஙளெ அல்ல பறஞ்ஞது, நிங்ஙளுடெ வெண்டைக்காயெ ஆணு" என்பார். நான் தப்பாக நினைக்கக் கூடாதாம், குற்றம் என்மேல் இல்லையாம், என் ஊர் வெண்டைக்காய்மேல்தானாம். என் அண்ணன் அங்கே வெண்டை பயிரிடுகிறவன். அதைத் தின்றுதான் நான் இந்த உயரம் வளர்ந்தேன் என்று சொல்ல வாய்வரை வரும். சொன்னால் என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொல்வார் என்று பேசாமல் வந்துவிடுவேன்.

மாடி போதாது என்று சங்கத்தார் கூட்டுத் தோட்டமும் போட்டுப்பார்த்தார்கள். காலனி முக்கில் துபாயில் இருக்கும் ஒருவருடைய காலி மனை கிடந்தது. அவரிடம் அனுமதி வாங்கி, கயிறு கட்டி, வீட்டுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்தார்கள். முதல் மழையில் கயிறு ஒரு சாண் நகர்ந்தது. நகர்ந்தது மழையாலா, பக்கத்துப் பாத்திக்காரராலா என்பதில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருவருக்குத் தகராறு வந்து, வக்கீல் நோட்டீஸ்வரை போனது. இப்போது அங்கே கோரைப்புல் நன்றாக வளர்கிறது. மனைக்காரரின் நல்ல மனசுக்கு நன்றி சொல்லும் பலகை மட்டும் அப்படியே நிற்கிறது.

என் கணவர் ஓய்வு பெற்றது இந்தச் சமயத்தில்தான். வீட்டில் உட்கார்ந்த முதல் மாதம் என் அடுக்களையைச் சீர்திருத்தப் பார்த்தார். பருப்பு டப்பா இருந்த இடத்தில் உளுந்தை வைத்தார், உளுந்து இருந்த இடத்தில் என்ன வைத்தார் என்று அவருக்கே பிறகு தெரியவில்லை. அதனால் அவர் மாடிப்படி ஏறியபோது நான் மனசுக்குள் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். கிருஷி பவனில், அதாவது அரசு வேளாண் அலுவலகத்தில், நாற்று வாங்கி வந்தார். அதில் வழுதனங்காய்தான் அதிகம். கத்திரிக்காயை எங்கள் நாஞ்சில் நாட்டு உறவினர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நீளமாக, வெளிறிய பச்சையில் இருக்கும் இனம்.

வழுதனங்காய் என் மாமனாருக்கு உயிர். அவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எண்பதைத் தாண்டியவர். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பொய் சொல்ல மாட்டார். வாங்க வருகிறவர்களிடம், "இது அடி மெலிசு, நாலு நாள்ல பிடிக்கும்" என்று அவரே சொல்லிவிடுவார். கடை எப்படி நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அடுத்தது சைவம். முட்டை சேர்த்த பிஸ்கட் வீட்டுக்குள் வராது. பக்கத்து வீட்டில் மீன் வறுத்தால் எங்கள் ஜன்னலைச் சாத்தவேண்டும். திருவனந்தபுரத்தில் அப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொள்வது என்றால் வருடம் முழுவதும் ஜன்னலைச் சாத்திவைப்பது என்று அர்த்தம். சாத்தித்தான் வைத்திருந்தோம்.

அவரை எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அவர் பொய் சொல்லாதது பிடிக்கும். அந்த உண்மைகளில் பாதிக்கு மேல் என் சமையலைப் பற்றி இருந்தது பிடிக்காது.

போன வருட மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, பசி திரும்பி வரவில்லை. எதை வைத்தாலும் வாய் கசக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஊர்ச் சந்தையான சாலைக் கடையிலிருந்து காய் வாங்கி வந்து சமைத்தால் அதைத் தொடவே மாட்டார். அதற்குக் காரணம் என் கணவர். தினமும் காலையில் பத்திரிகையை விரித்து, எந்தக் காயில் என்ன மருந்து எத்தனை மடங்கு என்று தகப்பனாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டிய புண்ணியவான் அவர்தான். "விஷத்தத் தின்னுட்டுச் சாகதுக்குப் பட்டினி கிடந்து சாகலாம்" என்று மாமனார் கஞ்சியோடு நின்றுவிட்டார். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கவேண்டிய நிலைமை. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, எப்படியாவது சாப்பிட வையுங்கள், இப்படியே போனால் தாங்காது என்றார்.

அப்போதுதான் மாடியில் முதல் வழுதனங்காய் காய்த்தது. தேங்காயை வறுத்து அரைத்துத் தீயல் வைத்தேன். மாமனார் ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார், தட்டைத் துடைத்துவிட்டு, "இது காயி" என்றார். வைத்தவளைப் பற்றி ஒன்றும் இல்லை, காயைப் பற்றித்தான். பரவாயில்லை, சாப்பிட்டாரே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரமே செடிகள் மஞ்சளாகத் தொடங்கின. பூ உதிர்ந்தது, இலை சுருண்டது. சாணிக் கரைசல், கடலைப் பிண்ணாக்கு, வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் போட்டுப் பார்த்தோம். வழுதனங்காய் இல்லாத அன்று மாமனார் பழையபடி கஞ்சிக்குப் போனார். என் கணவர் செடியின் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு யோசனை கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் எதிர்வீட்டு டீச்சர் சொன்னதுதான் எல்லோருக்கும் சரி என்று பட்டது. மீனும் வெல்லமும் சம எடை எடுத்து, காற்றுப் புகாமல் மூடி, ஒரு மண்டலம் வைத்திருந்து, வடித்துத் தண்ணீரில் கலந்து ஊற்றவேண்டும். மீன் என்றால் சாளை, அதாவது மத்திதான் விசேஷம்.

என் கணவர் அதை என்னிடம் வாசித்துக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"செடிதானே திங்குது. நாமளா திங்கோம்?" என்றார்.

"அப்பாகிட்டச் சொல்லீட்டுச் செய்யுங்க."

"அப்பாகிட்டச் சொன்னா அந்தக் கஞ்சியும் கிடையாது. அது தேவையா?"

தேவையில்லைதான். ஆனால் வாங்குவது யார் என்ற கேள்வி வந்ததும் அவருக்குத் திடீரென்று மானம் மரியாதை எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சங்கத்தில் பொருளாளராக இருக்கிறவர் மீன்காரி முன்னால் நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். நான் நின்றால் அந்த நாலு பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

மீன்காரி தலையில் சருவத்தோடு எங்கள் தெருவுக்கு வருகிறவள், பூந்துறைப் பக்கத்துக்காரி. எங்கள் வாசலில் மட்டும் இத்தனை வருடமாக நின்றதில்லை. வளைவுக்கு அப்பால் போய் அவளை நிறுத்தினேன். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவது என்று தெரியாமல், "சாளை இருக்கா? செடிக்கு வேணும்" என்றேன்.

"செடிக்கோ?" என்று சருவத்தை இறக்கிவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஓ. இப்போ பச்சக்கறிக்காருடெ வீட்டில எல்லாம் செடிக்காக்கும் மீன். அந்த மூணாமத்த வீட்டுச் சாமி நெய்மீன் வாங்கியதும் செடிக்குத்தான்."

பச்சக்கறிக்காரர் என்றால் சைவர்கள், நெய்மீன் என்றால் வஞ்சிரம். அவ்வளவு விலை மீனைக் கொண்டுபோய்ச் செடிக்குப் போடுகிறவன் இந்த உலகத்தில் இல்லை என்பது எனக்கே தெரியும். எனக்கு நிஜமாகவே செடிக்குத்தான் என்று சத்தியம் செய்யப் போனேன். அவள், "சாரமில்ல அம்மா, ஞான் ஆருகிட்டயும் சொல்லூல" என்று ஆறுதல் சொல்லிப் பொதிந்து கொடுத்தாள். நான் செய்யாத பாவத்துக்கு அவள் மன்னிப்பும் கொடுத்துவிட்டாள்.

மாமனார் மத்தியானம் தூங்கும் நேரம் பார்த்து மாடியில் வேலையைத் தொடங்கினோம். தொடங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் கணவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று, கைபேசியைப் பார்த்து வாசித்தார். நான் கையால் பிசைந்தேன். அவசரத்தில் வெல்லம் போதாமல் பூஜை அலமாரியில் இருந்த அச்சுவெல்லத்தையும் எடுத்துப் போட்டேன். மீனை முதன்முதலாகத் தொட்ட அந்தக் கையை அன்று எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது. தலைக்குக் குளித்துவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தபோது என் அடுக்களையே என்னைப் பார்ப்பது போல இருந்தது. குற்ற உணர்ச்சி இல்லை, கோபம்தான். வீட்டின் சைவம் எல்லோருக்கும் பொதுவாம், அதைக் காப்பாற்ற மீனைப் பிசைகிற வேலை மட்டும் எனக்காம்.

ஊறுகாய் போடும் பீங்கான் பரணியில் அடைத்துத் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம். மாடியில் தினமும் என்ன வேலை என்று மாமனார் கேட்டதற்கு, "செடிக்கு மருந்து ஊறப் போட்டிருக்கு. ஒரு மண்டலம் ஆகணும்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். மண்டலம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மண்டலம்னா வீட்டுல எல்லாரும் சுத்தமா இருக்கணும்" என்று அன்றிலிருந்து சாயங்காலமும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டார். சாளை ஊறுவதற்காக ஒரு சைவர் விரதம் இருந்தது எங்கள் வீட்டில்தான்.

டீச்சரின் யோசனையைக் குறை சொல்ல முடியாது. ஊற்றிய கொஞ்ச நாளிலேயே இலை கரும்பச்சையானது. பூத்தது, பூத்ததெல்லாம் காய்த்தது. கை நீளத்துக்கு வழுதனங்காய். அடுத்தடுத்த பரணிக்கும் அதே மீன்காரியிடம்தான் சாளை வாங்கினேன். தீயல், புளிக்கறி, பொரியல் என்று மாற்றி மாற்றி வைத்தேன். மாமனார் இரண்டாம் முறை சோறு கேட்டார். கன்னத்தில் சதை வந்தது. கைத்தடி இல்லாமல் கேட்வரை நடந்தார். டாக்டர் என்னைப் பாராட்டினார். நானும் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

பாராட்டு அதோடு நின்றிருக்கலாம். ஓணத்துக்கு முன்னால் சங்கத்தில் நல்ல தோட்டத்துக்கு மரியாதை செய்கிற வழக்கம் உண்டு. அந்த வருடம் எங்கள் வழுதனங்காய்க்குக் கிடைத்தது. மாமனாருக்குப் பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் நாற்பது வார்த்தை பேசினார். செடிக்கு உரம் முக்கியமில்லை, தொடுகிற கை முக்கியம் என்றார். புலால் தொடாத கை பட்டால் மண் தானாக விளையும் என்றார். என்னைக் காட்டி, "என் மருமகளுக்கக் கையாக்கும் அது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னை மெச்சியிருக்கிறார், அதுவும் மைக்கில். டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் அந்தக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

வந்த வினை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவர் உடம்பு தேறியதிலிருந்துதான். நடக்க முடிந்தவர் மாடிப்படியும் ஏறலாம் என்று நினைத்துவிட்டார். ஒரு நாள் காலையில் மேலிருந்து, "மக்களே, இஞ்ச வா" என்று நாஞ்சில் வழக்கப்படி என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் காலனிப் பூனைகள் எல்லாம் எங்கள் மாடியில். வழுதனைச் செடியின் அடியில் ஒன்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தது, ஒன்று பரணியைக் கட்டிப் பிடித்துப் படுத்திருந்தது.

"பூனைக்கு வழுதனங்காய் எப்போலேருந்து பிடிக்க ஆரம்பிச்சு?" என்றார்.

"தெரியல்லியே மாமா."

"சாணிய நக்குக பூனைய நான் கண்டதில்ல." பரணியின் மூடியைத் திறந்தார். உடனே மூடினார். "இது என்னது?"

பின்னால் வந்து நின்ற என் கணவர், "அது ஒரு இயற்கை மருந்துப்பா" என்று இழுத்தார். மாமனார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"சாளை, மாமா. சாளையும் வெல்லமும்."

"எந்த வெல்லம்?"

"பூஜைக்கு வச்சிருந்தது."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. கேட்டதற்கு, பால் மட்டும் போதும் என்றார்.

என் கணவர் தர்க்கம் பேசிப் பார்த்தார். மண்ணில் புழு செத்துத்தானே உரமாகிறது, பறவை செத்தால் மாமரம் தின்பதில்லையா, அந்த மாம்பழத்தைத் தின்னாத சைவன் யார் என்றெல்லாம் கேட்டார். கேள்விகள் நன்றாகத்தான் இருந்தன. மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண்ணு தானாத் தின்னது மண்ணுக்கப் பாடு. நீ வாங்கி ஊட்டுனது உனக்கப் பாடு" என்றார். சாலைக் கடைக் காய் விஷம், மாடிக் காய் பாவம், நடுவில் பால் ஒன்றுதான். மறுபடி கைத்தடி வந்தது, சட்டை தொளதொளத்தது. இந்த மனிதர் இப்படியே போய்விடுவார், என் கையால்தான் போனார் என்று ஆகிவிடும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தைவிட ஆத்திரம் அதிகம். இத்தனை வருடம் குற்றம் சொல்லிக்கொண்டாவது சாப்பிட்டவர், குற்றமே சொல்லாமல் பட்டினி கிடந்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

ஒரு நாள் அவராகவே கூப்பிட்டு, "அதுகளுக்கு ஒரு மோட்ச தீபம் போட்டுட்டு வா" என்றார். செத்தவர்கள் நல்ல கதி அடையக் கோயிலில் ஏற்றும் விளக்கு. யாருக்கு என்று கேட்டேன். "அந்த மீனுகளுக்குத்தான். நமக்காகச் செத்ததுல்லா?"

சரி, இதைச் செய்தால் சாப்பிடுவார் என்று நம்பிக் கோயிலுக்குப் போனேன். சீட்டுக் கொடுக்கிறவர் கம்ப்யூட்டரில் கையை வைத்துக்கொண்டு, "மரிச்ச ஆளுடெ பேரும் நாளும்?" என்றார். பெயரும் நட்சத்திரமும் இல்லாமல் சீட்டு வராது.

"பேர் தெரியாது" என்றேன்.

"பேர் அறியாத்த ஆளுக்கு விளக்கோ?"

"ஒருத்தர் இல்ல. கொஞ்சம் பேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பெயர் இல்லாவிட்டால் குடும்பப் பெயர் போதும், எல்லோரும் அதில் அடங்கிவிடுவார்கள். வேறு வழி தெரியாமல் எங்கள் குடும்பப் பெயரைச் சொன்னேன். சாளைகள் எங்கள் குலத்தில் சேர்ந்து, எங்கள் முன்னோர்களோடு சேர்ந்து மோட்சத்துக்குப் போயின. மாமனார் சீட்டை வாங்கி வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அதுகளுக்குச் சரியாப்போச்சு" என்றார். சாப்பாட்டைக் கொண்டுவரட்டுமா என்றேன். "எனக்குச் சரியாகல்லியே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் கணவர் பயந்துபோய் நாகர்கோவிலில் இருந்த தன் அத்தைக்கு, அதாவது மாமனாரின் தங்கைக்கு, போன் செய்தார். அப்பாவுக்குப் பசி இல்லை என்று மட்டும் சொன்னாராம். மறுநாளே அத்தை ரயிலேறி வந்து இறங்கிவிட்டார். சைவத்தில் அண்ணனே அவரிடம் பாடம் கேட்கவேண்டும். பெண் பார்க்க வந்தவர்களின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் கருவாடு காய்ந்தது என்று மகளுக்கு வந்த நல்ல சம்பந்தத்தை வேண்டாம் என்றவர். தம்பானூர் ரயிலடியிலிருந்து வந்த ஆட்டோவை விட்டு இறங்கியதும் நேரே அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு பாத்திரமாக முகர்ந்து பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னை.

"என்னத்தப் போட்டுக் குடுத்தா இப்படி எலும்பா ஆவாரு மனுசன்? நான் அண்ணனக் கூட்டிக்கிட்டுப் போறேன். இஞ்ச வச்சா ஆளக் காணமுடியாது."

என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டிக்கொண்டு போனால் போகட்டும் என்று ஒரு நிமிஷம் எனக்கும் தோன்றியது. அடுத்த நிமிஷம் அது போய்விட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு வடித்தவள் நான். மருமகள் சோறு போடவில்லை என்று தங்கை வந்து தூக்கிக்கொண்டு போனாள் என்று நாகர்கோவில் முழுக்கப் பேசுவார்கள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கிளம்பிப் போனால் அந்த மனிதர் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்கால ரயிலுக்குப் போவதாக முடிவானது. மத்தியானம் எல்லோருக்கும் இலை போட்டேன். வீட்டில் வேறு காய் இல்லை, மாடியில் பறித்த வழுதனங்காயைத்தான் தீயல் வைத்திருந்தேன். அத்தைக்குப் பரிமாறினேன். மாமனார் இலையில், தங்கை வற்புறுத்தியதால், ஒரு கிண்ணம் கஞ்சி மட்டும். அத்தை ஒரு வாய் தின்றார், முகம் மாறியது. "நல்ல காயில்லா இது, எங்க வாங்குன?" என்றார்.

"மாடியில காய்ச்சது" என்றேன்.

அந்த நேரத்தில் வாசலில், பழக்கமான குரலில், நல்ல சத்தமாக, "அம்மோ, செடிக்குச் சாளை வேண்டே?" என்று கேட்டது. நான்தான் அவளிடம் நிறுத்தச் சொல்லாமல் விட்டிருந்தேன். வளைவுக்கு அப்பாலிருந்து பழகிப்பழகி இப்போது எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

அத்தையின் கை இலையில் அப்படியே நின்றது. "என்னது? யாரு வீட்டுச் செடிக்கு? அவ ஏன் நம்ம வாசல்ல நிக்கா?" கேள்வி எல்லோருக்கும், பார்வை மட்டும் எனக்கு. என் கணவர் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எதிர்வீட்டு டீச்சர் செடிக்கு மீன் போடுகா. இவ வீடு மாறி வந்து நிக்கா" என்றார் மாமனார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

அத்தை விடவில்லை. "அப்போ இந்தச் செடிக்கு என்ன போடுகேளு?"

"சாணி. சாணியும் பிண்ணாக்கும். நான் கூட நின்னு பாத்திருக்கேன்." குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. பாத்திரம் வாங்க வந்தவனிடம் அடி மெலிசு என்று சொன்ன அதே குரல். பிறகு கஞ்சிக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினார். "மக்களே, எனக்கும் கொஞ்சம் சோறு வை. அந்தத் தீயலயும் கொண்டா."

கொண்டு போய் வைத்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழுதனங்காய்த் துண்டு ஒன்றை எடுத்தார், கண்ணை மூடினார், வாயில் வைத்து மென்றார். மெல்ல மெல்லத்தான் விழுங்கினார். அதற்குள் அத்தை சமாதானமாகி இரண்டாவது கரண்டி கேட்டுவிட்டார். அண்ணன் சாப்பிடுகிறாரே, அப்புறம் எதற்கு ரயில் என்றும் சொன்னார். போகும்போது பை நிறையக் காயும் நாற்றும் வாங்கிக்கொண்டார்.

அதெல்லாம் பிறகு. இலையில் இருந்தபோது அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பாவம் என்று நம்பியதை, பாவம் என்று நம்பிக்கொண்டே தின்றார். பொய்யும் சொன்னார். எனக்காக ஒருத்தர் பொய் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்குக் கரண்ட் இல்லை.